பூட்டி வைத்த அணுகுண்டு

1974 மே 18 முதல் 1998 மே 11 வரை, ஒரு வாரம் குறைய இருபத்து நான்கு ஆண்டுகள், இந்தியாவிடம் அணுகுண்டு உண்டா என்ற கேள்விக்கு டெல்லி தந்த பதில் ஒன்றுதான்: செய்யத் தெரியும், செய்யவில்லை. அந்தக் காலத்தின் பின்பாதியில் பாகிஸ்தானும் ஏறக்குறைய இதையே சொல்லிவந்தது. ஒரு கட்டத்துக்குப் பிறகு இரண்டு பதில்களும் உண்மையாக இருக்கவில்லை. உண்மையில்லை என்பது எதிர்த்தரப்புக்குத் தெரியும். எதிர்த்தரப்புக்குத் தெரியும் என்பது சொன்னவர்களுக்கும் தெரியும். இருந்தும் இரு தலைநகரங்களும் அந்தப் பதிலைக் கைவிடவில்லை. அணு ஆயுத வரலாற்றில் இந்த நிலைக்கு நெருங்கிய சொந்தம் என்று இஸ்ரேலைச் சொல்லலாம். ஆறு குண்டுகளைச் செய்து பிரித்துப்போட்ட பிறகு, 1993-இல் அதை வெளியே சொன்ன தென்னாப்பிரிக்காவைத் தூரத்துச் சொந்தம் எனலாம்.

கையில் இருக்கும் ஆயுதத்தை நினைத்து எதிரி போருக்கு வராமல் ஒதுங்கி நிற்கும்படி செய்வதே அச்சத்தால் தடுத்தல். வைக்கோற்போருக்குள் ஒளித்து வைத்த அரிவாளைக் கண்டு யாரும் பயப்படப் போவதில்லை. அப்படியானால் ரகசிய ஆயுதம் எப்படித் தடுக்கும்? தெற்காசியா இந்தச் சிக்கலைத் தீர்த்த விதம், ரகசியத்தை ஆளுக்குத் தக்கபடி பங்கு பிரித்ததுதான். எதிரிக்குப் பாதி தெரிய வேண்டும். வாஷிங்டனுக்கு முழுதும் தெரிந்தாலும் அது நிரூபணமாகக் கூடாது. நாட்டுக்குள்ளேயே யாருக்குத் தெரியக் கூடாது என்பதில் மட்டும் இரு நாடுகளும் வேறுபட்டன: இந்தியாவில் அது ராணுவம், பாகிஸ்தானில் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசு. மிகுந்த விலை கொடுக்க வைத்தது இந்த உள்வீட்டு ரகசியம்தான்.

கதை மும்பைக்கு அருகே டிராம்பேயில் தொடங்குகிறது. அங்கே கனடா கட்டித்தந்த 40 மெகாவாட் வெப்பத்திறனுள்ள ஆராய்ச்சி உலை 1960 ஜூலையில் இயங்கத் தொடங்கியது. அதற்கு வேண்டிய கனநீரை அமெரிக்கா தந்தது. சைரஸ் என்ற அதன் பெயரிலேயே கனடா, இந்தியா, அமெரிக்கா மூன்றின் முதலெழுத்துகளும் அடக்கம். அமைதிப் பணிகளுக்கு மட்டுமே பயன்படுத்துவதாக இந்தியா எழுதிக்கொடுத்திருந்தது. வந்து சோதித்துப் பார்க்க ஆள் எவரும் நியமிக்கப்படவில்லை. எரிந்த யுரேனியத்திலிருந்து புளூட்டோனியத்தைப் பிரித்தெடுக்கும் ஆலையும் 1964-இல் டிராம்பேயிலேயே தயாரானது. இந்த இரண்டும் சேர்ந்தால் குண்டுக்கான மூலப்பொருள் கிடைத்துவிடும். எல்லாம் வெளிப்படையாகவே நடந்தன, விழாவும் எடுக்கப்பட்டது.

அதே ஆண்டு அக்டோபர் 16 அன்று லோப் நோர் பாலைவனத்தில் சீனா தன் முதல் அணுகுண்டை வெடித்தது. 1962 போரின் காயம் ஆறாத நேரம். எட்டு நாள் கழித்து அகில இந்திய வானொலியில் பேசிய ஹோமி பாபா, 10 கிலோடன் வெடிப்புக்கு ஏறத்தாழ 17.5 லட்சம் ரூபாய்தான் ஆகும் என்று கணக்குச் சொன்னார். அந்தக் கணக்கில் உலையும் இல்லை, பிரித்தெடுக்கும் ஆலையும் இல்லை, குண்டைச் சுமந்து செல்லும் விமானமும் இல்லை. கல்யாணச் செலவைச் சொல்லச் சொன்னால் தாலிக்கயிற்றின் விலையை மட்டும் சொன்னது போன்ற கணக்கு. ஆனால் அந்தப் பேச்சு கணக்குக்காகப் பேசப்பட்டது என்று நினைக்க இடமில்லை. குண்டைச் செய்யாமல் விலையை மட்டும் சொன்னாலே 'எங்களால் முடியும்' என்ற சேதி போய்ச்சேரும். பின்னாளில் வந்த கொள்கை முழுவதும் இந்த வானொலிப் பேச்சுக்குள் விதையாக இருந்தது.

பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி, அமைதிப் பணிக்கான நிலத்தடி வெடிப்பு என்ற அளவில் ஆராய்ச்சிக்கு அனுமதி தந்தார். 1966 ஜனவரி 11 அன்று சாஸ்திரி தாஷ்கண்டில் இறந்தார். 24 அன்று மோன் பிளாங்க் மலையில் நடந்த விமான விபத்தில் பாபா இறந்தார். அடுத்து வந்த விக்ரம் சாராபாய்க்குக் குண்டில் விருப்பமில்லை. வேலை அதிகாரபூர்வமாக நின்றது. டிராம்பேயின் ஆய்வுக்கூடங்களில் முழுதும் நிற்கவில்லை.

1972 செப்டம்பரில் டிராம்பேக்கு வந்த இந்திரா காந்தி, வெடிப்புச் சாதனத்தைச் செய்ய வாய்மொழியாக ஒப்புதல் தந்தார். காகிதத்தில் எதுவும் எழுதப்படவில்லை. விஷயம் தெரிந்த விஞ்ஞானிகளும் பொறியாளர்களும் சுமார் 75 பேர். ராஜா ராமண்ணா தலைமை, பி.கே. அய்யங்கார் அடுத்த இடத்தில். சென்னையில் பிறந்து மாநிலக் கல்லூரியில் படித்த ஆர். சிதம்பரமும் அந்தக் குழுவில் இருந்தார். கால் நூற்றாண்டு கழித்து அணுசக்தித் துறையின் தலைவராக அதே பாலைவனத்துக்கு அவர் திரும்பி வரப்போகிறார். கடைசிக் கட்ட ஆலோசனையில் பிரதமரின் ஆலோசகர்களான பி.என். ஹக்ஸரும் பி.என். தரும் தயக்கம் தெரிவித்ததாக ராமண்ணா பின்னர் எழுதினார். முடிவு இந்திராவுடையது.

ராஜஸ்தானின் பொக்ரானில் குழி தோண்டும் பொறுப்பு ராணுவத்தின் பொறியாளர் படைப்பிரிவு ஒன்றுக்குத் தரப்பட்டது. கிணறு தோண்டுவதாகத்தான் அவர்களுக்குச் சொல்லப்பட்டது. பாலைவனத்தில் கிணறு வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? இதில் ஒரு வேடிக்கை: முதலில் தோண்டிய குழியில் நிஜமாகவே தண்ணீர் ஊறிவிட்டது. கிணறு என்று சொல்லித் தோண்டியதைக் கிணறாகிவிட்ட காரணத்தாலேயே கைவிட்டு, வறண்டுபோன பழைய கிணறுகள் கிடந்த வேறோர் இடத்தில் மறுபடி தொடங்கினார்கள். அந்த இரண்டாவது குழி 107 மீட்டர் ஆழம். 1974 மே 18 காலை 8.05-க்கு மணல்மேடு எழும்பி அடங்கியது. 'அமைதிக்கான அணு வெடிப்பு' என்று அரசு அறிவித்தது. விசை 12 கிலோடன் என்றார்கள்; வெளிநாட்டு நிலநடுக்க ஆய்வாளர்கள் அதற்கும் குறைவாகவே கணித்தார்கள்.

பாதுகாப்பு அமைச்சர் ஜகஜீவன் ராமுக்கு வெடித்த பிறகுதான் தகவல் போனது. குண்டை வெடித்த நாட்டின் பாதுகாப்பு அமைச்சருக்கே அது பாதுகாப்பு விவகாரமாகச் சொல்லப்படவில்லை என்பது தற்செயல் இல்லை. ஆயுதம் அல்ல என்று உலகத்திடம் சொல்ல வேண்டுமானால், ஆயுதம் ஏந்துபவர்களை அதன் பக்கத்தில் நிறுத்தக் கூடாது. ராணுவத்தை விலக்கி வைத்ததற்கு அரசியல் அச்சமும் ஒரு காரணம். அக்கம்பக்கத்து நாடுகளில் தளபதிகள் ஆட்சிக்கு வந்த கதைகளைக் கண்ட அரசு அது. இப்படி வசதிக்காகத் தொடங்கிய விலக்கல் பிறகு வழக்கமாகி, வழக்கம் கொள்கையாயிற்று.

உலகம் 'அமைதி' என்ற சொல்லை நம்பவில்லை. கனடா உதவியை நிறுத்தியது. அணுப்பொருள் விற்கும் நாடுகள் 1975-இல் லண்டனில் கூடித் தங்களுக்குள் கட்டுப்பாடு வகுத்துக்கொண்டன. இன்று அணுப்பொருள் வழங்குவோர் குழு எனப்படுவது அதுதான். இந்தியா அடுத்த குண்டை வெடிக்கவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை. 1980-களின் தொடக்கத்தில் பொக்ரானில் புதிய குழிகள் தயாராயின. வெடிப்பதற்கான அனுமதி வந்து, வந்த வேகத்தில் திரும்பப் பெறப்பட்டது. அப்போது பாதுகாப்பு அமைச்சராக இருந்த ஆர். வெங்கட்ராமன், தாமே அந்தக் குழிக்குள் இறங்கிப் பார்த்ததாகப் பல ஆண்டுகள் கழித்துச் சொன்னார். 1983-இல் ஏவுகணைத் திட்டம் தொடங்கப்பட்டு ராமேஸ்வரத்துக்காரரான அப்துல் கலாம் பொறுப்பேற்றார். 1989 மே மாதம் பறந்த அக்னிக்கு அரசு வைத்த பெயர் 'தொழில்நுட்ப விளக்கச் சாதனம்'. ஏவுகணை என்றால் அதன் தலையில் என்ன வைப்பீர்கள் என்று கேள்வி வரும். விளக்கச் சாதனத்திடம் அந்தக் கேள்வியைக் கேட்க முடியாது.

பாகிஸ்தானின் முயற்சி பொக்ரானுக்கு முன்பே தொடங்கிவிட்டது. வங்கதேசப் போரில் நாடு இரண்டான சில வாரங்களில், 1972 ஜனவரியில், சுல்பிகர் அலி பூட்டோ முல்தானில் விஞ்ஞானிகளைக் கூட்டிக் குண்டு வேண்டும் என்றார். பொக்ரான் அந்த முயற்சிக்கு நெருப்பு மூட்டியது. நெதர்லாந்தில் யுரேனியம் செறிவூட்டும் தொழிலோடு தொடர்புள்ள நிறுவனத்தில் வேலை பார்த்த அப்துல் காதர் கான், 1975 இறுதியில் சுழலிகளின் வரைபடங்களோடும் உதிரிப்பாகம் விற்பவர்களின் பட்டியலோடும் ஊர் திரும்பினார். இஸ்லாமாபாத் அருகே கஹூட்டாவில் ஆலை எழுந்தது. 1983 மார்ச்சில், சர்கோதாவை அடுத்த கிரானா மலையில், பிளவுப்பொருள் வைக்காமல் வெடிமருந்து அமைப்பை மட்டும் வெடித்துப் பார்க்கும் 'குளிர் சோதனை' நடந்ததாகப் பாகிஸ்தான் விஞ்ஞானிகள் பின்னர் தெரிவித்தார்கள். சத்தமும் அதிர்வும் அதிகமில்லாத இந்த வகைச் சோதனை ரகசியக் குண்டுக்கென்றே அமைந்தது. அது வேலை செய்யும் என்று செய்தவருக்குத் தெரிந்துவிடும். மற்றவருக்கு ஊகம் மட்டுமே மிஞ்சும்.

பாகிஸ்தானின் ரகசியத்துக்கு ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய ஒரு காகிதமும் உண்டு. செறிவூட்டல் காரணமாக 1979 ஏப்ரலில் உதவியை வெட்டிய அமெரிக்கா, டிசம்பரில் சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்ததும் மனம் மாறியது. 1981-இல் 320 கோடி டாலர் உதவி முடிவாயிற்று. சங்கடப்பட்ட அமெரிக்க நாடாளுமன்றம் 1985-இல் பிரெஸ்லர் திருத்தத்தைக் கொண்டுவந்தது: பாகிஸ்தானிடம் அணுவெடிச் சாதனம் இல்லை என்று அதிபர் ஆண்டுதோறும் சான்றளித்தால்தான் பணம். ரீகன் சான்றளித்தார், புஷ் 1989-இல் சான்றளித்தார். 'ஒரு திருப்புளியின் திருகலில் குண்டு தயாராகிவிடும்' என்ற பேச்சு அந்த நாளில் எங்கும் புழங்கியது. திருகாமல் வைத்திருக்கும் வரை அது குண்டல்ல, பாகங்கள். பூட்டி வைத்தால் குண்டு. பூட்டாமல் வைத்தால் சான்றிதழ். தமிழில் 'பூட்டுதல்' என்பதற்கு இணைத்தல், சாவி போடுதல் என இரண்டு பொருள் இருப்பது இந்தக் காலத்துக்கு மிகவும் பொருந்துகிறது. ஆப்கானிஸ்தானிலிருந்து சோவியத் படைகள் வெளியேறிய மறுவருடம், 1990 அக்டோபரில், சான்றிதழ் நின்றது. கஹூட்டாவில் அந்த ஒரே ஆண்டில் எல்லாம் தலைகீழாக மாறிவிட்டது என்று யாரும் நம்பவில்லை. மாறியது சான்றிதழின் தேவைதான்.

வாஷிங்டனிடம் மறைக்க வேண்டியதை டெல்லிக்கு உணர்த்தியும் ஆக வேண்டும். 1986 இறுதியில் இந்திய ராணுவம் ராஜஸ்தானில் 'பிராஸ்டாக்ஸ்' என்ற பெரும் பயிற்சியைத் தொடங்கியது. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்கள், நூற்றுக்கணக்கில் டாங்கிகள். திட்டமிட்டவர் தலைமைத் தளபதி கிருஷ்ணசாமி சுந்தர்ஜி, செங்கல்பட்டில் பிறந்தவர். இது பயிற்சிதானா, படையெடுப்பின் முன்னோட்டமா என்ற ஐயத்தில் பாகிஸ்தான் தன் படைகளைப் பஞ்சாப் எல்லைக்கு நகர்த்தியது. 1987 ஜனவரியில் இரு பக்கமும் படைகள் முட்டிக்கொண்டு நின்றன.

அந்த நிலையில் ஜனவரி 28 அன்று இந்தியப் பத்திரிகையாளர் குல்தீப் நய்யார், இஸ்லாமாபாதில் அப்துல் காதர் கானின் வீட்டுக்கு அழைத்துச் செல்லப்பட்டார். பாகிஸ்தானால் குண்டு செய்ய முடியும் என்ற பொருள்பட கான் பேசினார். அரசின் அறிவிப்பு இல்லை, தூதர் தந்த கடிதம் இல்லை. தேநீர் நேரத்துப் பேச்சு. வேண்டுமானால் மறுக்கலாம், மறுக்கவும் செய்தார்கள். ரகசியத்தைக் கசியவிட்டு எச்சரிப்பதற்கு இதைவிடப் பாடப்புத்தக உதாரணம் கிடைக்காது. ஒரே குறை, கடிகாரம் ஒத்துழைக்கவில்லை. அந்தப் பேட்டி லண்டனின் அப்சர்வர் இதழில் வெளிவந்தது மார்ச் 1 அன்று. பிப்ரவரி தொடக்கத்திலேயே இரு நாடுகளும் படைகளைத் திரும்பப் பெற ஒப்புக்கொண்டுவிட்டன. பாகிஸ்தான் அதிபர் ஜியா உல் ஹக் ஜெய்ப்பூரில் கிரிக்கெட் பார்த்துவிட்டும் போய்விட்டார். சண்டை முடிந்த பிறகு வந்து சேர்ந்த மிரட்டல் அது. பிராஸ்டாக்ஸ் நெருக்கடியைப் பாகிஸ்தானின் குண்டு தணித்தது என்று பின்னால் சொல்லப்பட்டவை பலவும் இந்த நாள்கணக்கைப் பார்ப்பதில்லை. தணித்தவை வேறு பல. பேட்டி அடுத்த நெருக்கடிக்குத்தான் உதவியது.

இதே ஆண்டுகளில் மறைப்பதற்கு நேர் எதிரான ஒரு காரியமும் நடந்தது. 1981 ஜூனில் இஸ்ரேல் ஈராக்கின் ஓசிராக் உலையைக் குண்டுவீசி அழித்த பிறகு, கஹூட்டாவுக்கும் அந்தக் கதி நேருமோ என்ற பேச்சு எழுந்தது. இந்தியா அப்படி யோசிப்பதாக அமெரிக்கப் பத்திரிகைகள் எழுதின. கஹூட்டா தாக்கப்பட்டால் டிராம்பே தாக்கப்படும், மும்பைக்குப் பக்கத்தில் கதிரியக்கப் புகை எழும் என்பதை இந்தியத் தரப்பு எண்ணிப்பார்க்காமல் இருந்திருக்க முடியாது. 1985 டிசம்பரில் ராஜீவ் காந்தியும் ஜியாவும் ஒருவர் அணு நிலையத்தை மற்றவர் தாக்குவதில்லை என்று வாய்ப்பேச்சில் ஒப்புக்கொண்டார்கள். 1988 டிசம்பர் 31 அன்று, ராஜீவும் பேநசீர் பூட்டோவும் இஸ்லாமாபாதில் சந்தித்தபோது அது ஒப்பந்தமாகக் கையெழுத்தானது. எதைத் தாக்கக் கூடாது என்று தெரிய வேண்டுமானால் எது எங்கே இருக்கிறது என்று சொல்லியாக வேண்டும். ஆகவே ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 1 அன்று இரு நாடுகளும் தங்கள் அணு நிலையங்களின் பட்டியலைப் பரிமாறிக்கொள்ள வேண்டும் என்று அதில் எழுதப்பட்டது.

1988 ஜூனில் ராஜீவ் காந்தி ஐ.நா. சபையில் 2010-க்குள் அணு ஆயுதங்களை ஒழிக்கும் திட்டம் ஒன்றை முன்வைத்தார். வல்லரசுகள் அதைப் பொருட்படுத்தவில்லை. அதன் பிறகே வெடிப்புச் சாதனத்தை ஆயுதமாக மாற்றும் வேலைக்கு அவர் அனுமதி தந்தார் என்று, அந்த வட்டத்துக்கு நெருக்கமாக இருந்த கே. சுப்ரமணியம் பின்னர் எழுதினார். திருச்சியில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் வேதியியல் படித்து, ஆட்சிப்பணிக்கு வந்து, டெல்லியின் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்துக்குத் தலைமை ஏற்ற சுப்ரமணியம், இந்தியா அணு ஆயுத நாடாக வேண்டும் என்று பல பத்தாண்டுகள் வெளிப்படையாக வாதாடியவர். அரசு வாய் திறக்காத காலத்தில் அரசின் மனத்தை அறிய வெளிநாட்டுத் தூதர்கள் அவர் கட்டுரைகளைப் படித்தார்கள். ஒரு நாடு தன் ரகசியத்தைத் தானே பேச முடியாதபோது இப்படிச் சிலர் தேவைப்படுகிறார்கள்.

ராணுவத்துக்குள் அணுகுண்டைப் பற்றி யோசித்தவர் சுந்தர்ஜி. 1981-இல் மோவ் நகரின் போர்க்கல்லூரியில் இருந்தபோது, ஒரு பக்கம் அணு ஆயுதமும் மறுபக்கம் அது இல்லாமலும் இருந்தால் போர் எப்படி நடக்கும் என்று அதிகாரிகளிடம் தபால் வழியாகக் கருத்துக் கேட்டு ஒரு விவாதம் நடத்தினார். கேள்வி கேட்டவருக்கும் பதில் எழுதியவர்களுக்கும் தங்கள் நாட்டிடம் என்ன இருக்கிறது என்ற விவரம் தரப்பட்டதில்லை. இல்லாததாகக் கருதப்பட்ட ஆயுதத்தைப் பற்றி அவர்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

குண்டு என்பது உலோக உருண்டையோடு முடிந்துவிடுவதில்லை. அது விமானத்தின் அடிவயிற்றில் பொருந்த வேண்டும். ஓடுதளத்தில் உரசக் கூடாது. விமானியின் அறையிலிருந்து மின்கம்பி வழியே அதற்குக் கட்டளை போக வேண்டும். வீசிய பின் விமானி தப்பித்துத் திரும்பும் வித்தையையும் பயில வேண்டும். இவற்றை விமானப்படையிடம் சொல்லாமல் செய்ய முடியாது. ரகசியம் கருதி, மிகச் சிலரிடம் மட்டுமே சொன்னார்கள். புளூட்டோனிய மையம் அணுசக்தித் துறையின் காவலில், வெடிமருந்து அமைப்பு பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்திடம், மிராஜ் விமானம் விமானப்படையிடம்: மூன்று அறை, மூன்று சாவி, ஒருவர் அறைக்குள் மற்றவர் எட்டிப்பார்க்கத் தடை. குண்டு கைக்கு வந்ததற்கும், அதை நம்பிக்கையோடு கொண்டுபோய் வீச முடியும் என்ற நிலைக்கும் இடையே பல ஆண்டுகள் ஓடிவிட்டன. 1990-களின் நடுப்பகுதி வரை அந்த இடைவெளி நீடித்தது என்பது பின்னால் வந்த ஆய்வாளர்களின் கணிப்பு. எதிரிக்குக் குண்டு இருப்பதாக ஐயம், சொந்தப் படைக்கோ அதை எடுத்து வீச வழி இல்லை. தோட்டா போட்ட துப்பாக்கிக்கும் தோட்டா இல்லாத துப்பாக்கிக்கும் எதிரில் நிற்பவர் வேறுபாடு காண்பதில்லை என்பதுதான் அந்த ஆண்டுகளில் இந்தியாவைக் காத்தது.

எல்லைக்கு அப்பால் நிலைமை கண்ணாடியில் கண்ட பிம்பம்போல இடவலமாக மாறியிருந்தது. அங்கே குண்டு ராணுவத்தின் கையிலும் அதிபர் குலாம் இஷாக் கானின் கையிலும் இருந்தது. பிரதமர் பேநசீருக்கு வழி இல்லை. 1989 ஜூனில் அவர் அமெரிக்கா சென்றபோது, அந்நாட்டு உளவுத்துறைத் தலைவர் வில்லியம் வெப்ஸ்டர் பாகிஸ்தானின் அணுத்திட்டத்தைப் பற்றி அவருக்கு விளக்கம் தந்தார். தன் நாட்டுக் குண்டைப் பற்றி ஒரு பிரதமர் அயல்நாட்டு உளவுத்துறையிடம் பாடம் கேட்ட நிகழ்ச்சி அது.

இந்தப் பாதி வெளிச்சத்தில்தான் 1990 நெருக்கடி வந்தது. காஷ்மீரில் கிளர்ச்சி மூண்டிருந்தது; டெல்லியில் வி.பி. சிங்கின் சிறுபான்மை அரசு. ஜனவரியில் டெல்லிக்கு வந்த பாகிஸ்தான் வெளியுறவு அமைச்சர் யாகூப் கான் பேசிய தொனியை, இந்திய வெளியுறவு அமைச்சர் ஐ.கே. குஜ்ரால் மறைமுக மிரட்டலாகவே எடுத்துக்கொண்டார். மே மாதம் அமெரிக்காவின் ராபர்ட் கேட்ஸ் இரு தலைநகரங்களுக்கும் ஓடி வந்தார். அணு ஆயுதப் போர் விளிம்பு வரை போனதா என்பதில் அதில் தொடர்புடையவர்களே இன்றுவரை ஒத்துப்போவதில்லை. வெளிப்படையாக அறிவித்த ஆயுதம் என்றால் எது எச்சரிக்கை, எது வழக்கமான பேச்சு என்று பிரித்தறிய ஓர் அளவுகோல் இருக்கும். இருப்பதாகவே ஒப்புக்கொள்ளாத ஆயுதத்துக்கு அந்த அளவுகோல் கிடையாது. தொனி, புருவம், விருந்தில் பேசிய பேச்சு எல்லாமே சேதியாகிவிடும்.

இந்த நிலைக்கு அறிஞர்கள் பெயர் சூட்டினார்கள். அமெரிக்கரான ஜார்ஜ் பெர்கோவிச் 'ஆயுதமாக்கப்படாத தடுப்பு' என்றார். இந்தியாவின் ஜஸ்ஜித் சிங் 'பின்வாங்கி நிற்கும் தடுப்பு' என்ற பொருளில் பேசினார். பாகங்கள் தனித்தனியே கிடப்பதால் அவசரத்தில் யாரும் அழுத்திவிட முடியாது, அதுவே பாதுகாப்பு என்பது அவர்கள் வாதம். வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் நெருக்கடி நேரத்தில் பாகங்களைச் சேர்க்கத் தொடங்குவதே போருக்கான அறிகுறியாகப் படும் என்ற மறுபக்கமும் உண்டு.

1995 டிசம்பரில் நரசிம்ம ராவ் அரசு பொக்ரானில் சோதனைக்கு ஆயத்தமானது. அமெரிக்கச் செயற்கைக்கோள்கள் அதைக் கண்டன. தூதர் பிராங்க் வைஸ்னர் படத்தைக் கொண்டுவந்து பிரதமரின் முதன்மைச் செயலரிடம் காட்டினார்; நியூயார்க் டைம்ஸ் செய்தி வெளியிட்டது; கிளிண்டன் தொலைபேசியில் பேசினார். ராவ் பின்வாங்கினார். வாஷிங்டனுக்கு அன்று வெற்றிதான், ஆனால் அந்தப் படமே இந்தியாவுக்குப் பாடநூலாயிற்று. எந்த வேலையை மேலிருந்து பார்க்க முடிகிறது, மணலில் எந்த மாற்றம் காட்டிக்கொடுக்கிறது என்பது அதிலிருந்து விளங்கியது.

1998-இல் அந்தப் பாடம் வரிக்கு வரி கடைப்பிடிக்கப்பட்டது. கர்னல் கோபால் கௌஷிக் தலைமையிலான 58-ஆவது பொறியாளர் படைப்பிரிவு இரவில் வேலை செய்தது. விடிவதற்குள் இயந்திரங்கள் முந்தின நாள் நின்ற அதே இடத்துக்குத் திரும்பிவிடும். தோண்டிய மணலை, காற்று குவித்தது போலவே மேடாக்கினார்கள். கம்பிகளைப் புதைத்து மேலே செடி வைத்தார்கள். விஞ்ஞானிகள் சிறு சிறு குழுக்களாக, வேறு வேறு ஊர்கள் வழியே, வேறு பெயர்களில் வந்து ராணுவச் சீருடை அணிந்துகொண்டார்கள். அப்துல் கலாம் 'மேஜர் ஜெனரல் பிருத்விராஜ்' ஆனார், சிதம்பரம் 'நடராஜ்' ஆனார். குழிகளுக்குத் தாஜ்மகால், வெள்ளை மாளிகை, கும்பகர்ணன் என்று பெயர். மே 11 பிற்பகல் 3.45-க்கு மூன்று சாதனங்கள் வெடித்தன. 13 அன்று மேலும் இரண்டு. முதல் வெடிப்பை அமெரிக்க உளவுத்துறை முன்கூட்டி அறியவில்லை. அது ஏன் என்று ஆராய அட்மிரல் டேவிட் ஜெரமையா தலைமையில் ஒரு குழுவே போடப்பட்டது.

உலகத்தின் கண்ணை இவ்வளவு பாடுபட்டு மறைத்ததன் நோக்கம், அன்று மாலையே பிரதமர் வாஜ்பாய் தம் வீட்டுப் புல்வெளியில் நின்று செய்தியாளர்களிடம் சொல்லிவிடுவதற்குத்தான். மே 28 அன்று சாகாய் மாவட்டத்து மலையிலும் 30 அன்று காரான் பாலைவனத்திலும் பாகிஸ்தான் பதில் சொன்னது. இருப்பதைச் சொல்லாத காலம் பதினேழே நாளில் இரு பக்கமும் முடிந்தது.

ரகசியம் அத்தோடு போய்விடவில்லை, இடம் மாறியது. அடுத்த ஆண்டே கார்கில் போர் வந்தது. இந்திய விமானப்படை எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டைத் தாண்டக் கூடாது என்ற கட்டளையோடு பறந்தது. சுப்ரமணியம் தலைமை வகித்த ஆலோசனைக் குழுவின் அணுக் கொள்கை வரைவு 1999 ஆகஸ்டில் வெளியானது. 2003 ஜனவரியில் அரசு தன் அணுக் கொள்கையை அறிவித்தது. முதலில் பயன்படுத்த மாட்டோம், நம்பத்தக்க குறைந்த அளவே வைத்திருப்போம், தாக்கினால் தாங்க முடியாத பதிலடி தருவோம் என்ற மூன்றும் ஊரறியச் சொல்லப்பட்டன. அணு ஆயுதங்களைக் கையாள முப்படை சார்ந்த தனிக் கட்டளையகம் அமைந்தது; படைகள் கடைசியில் அறைக்குள் வந்தன. எண்ணிக்கையும் இடமும் மட்டும் மறைவில் நின்றன. 1998-இன் வெப்ப அணுச் சோதனை சொன்ன அளவுக்கு விசை தரவில்லை என்று அந்தச் சோதனையில் பொறுப்பு வகித்த கே. சந்தானம் 2009 ஆகஸ்டில் சொன்னபோது எழுந்த சலசலப்பு, இன்னொன்றையும் காட்டியது: இப்போது சந்தேகம் 'இருக்கிறதா' என்பதில் இல்லை, 'எவ்வளவு' என்பதில். சிதம்பரம் அந்தக் கூற்றை அடியோடு மறுத்தார்.

அதே 2009 ஜூலையில் விசாகப்பட்டினத்தில் அரிஹந்த் நீர்மூழ்கி நீரில் இறக்கப்பட்டது. அதுவரை அந்தத் திட்டத்துக்கு 'உயர் தொழில்நுட்பக் கலம்' என்ற பெயரைத் தவிர வேறு அடையாளம் தரப்படவில்லை. அதன் அணு உலைக்கு நிலத்தில் கட்டிய முன்மாதிரி சென்னைக்குத் தெற்கே கல்பாக்கத்தில் ஆண்டுக்கணக்கில் ஓடிக்கொண்டிருந்தது என்பதும் அந்தச் சமயத்தில்தான் செய்தியாளர்களுக்குக் காட்டப்பட்டது. நீர்மூழ்கியைப் பொறுத்தவரை ஒளிவதே அதன் வேலை. அது உண்டு என்பதை எல்லோரும் அறிய வேண்டும். எங்கே என்பதை ஒருவரும் அறியக் கூடாது. 2018 நவம்பரில் அரிஹந்த் தன் முதல் தடுப்பு ரோந்தை முடித்துவிட்டதாகப் பிரதமர் அறிவித்தார். எந்தக் கடலில் என்று சொல்லவில்லை.

1988 ஒப்பந்தத்தின் முதல் பட்டியல் 1992 ஜனவரி 1 அன்று கைமாறியது. எல்லாவற்றையும் எழுதியிருக்கிறார்களா என்ற ஐயம் தொடக்கத்திலிருந்தே இருந்தது. இந்திய நாடாளுமன்றத் தாக்குதலுக்குப் பிறகு இரு நாட்டுப் படைகளும் எல்லையில் எதிரெதிரே நின்ற 2002 புத்தாண்டு நாளிலும் பட்டியல் கைமாறியது. டெல்லியிலும் இஸ்லாமாபாதிலும் தூதரக அதிகாரிகள் வழியாக ஒரே நேரத்தில் உறைகள் மாற்றப்படுகின்றன. மறுநாள் செய்தித்தாளில் பட்டியல் பரிமாறப்பட்டது என்று நாலு வரி வரும். பட்டியலில் உள்ள பெயர்கள் இந்தியக் குடிமக்களுக்கும் பாகிஸ்தான் குடிமக்களுக்கும் காட்டப்படுவதில்லை.